‘கிடைத்தது’ என்பதற்குப் பதில் கிடையாது

அறிவியல் வரலாற்றில் நிமிர்ந்து நின்ற எவரும், ‘என் மெயில் பார்த்தீங்களா?’ என்று யாரிடமும் கேட்டதில்லை. மெயில் கண்டுபிடிக்கப்படாத காலத்திலும் அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சியாளன் ஒரு முறை எழுதுவான். பிறகு காத்திருப்பான். இரண்டாவது முறை எழுதுகிறவன் வெறும் விண்ணப்பதாரன். மூன்றாவது முறை எழுதிவிட்டுப் போனும் போடுகிறவர் எங்கள் ஆய்வகத்து அலாரம்.

இந்தக் கருத்தை ஆய்வகத்துத் தேநீர் இயந்திரத்தின் முன்னால், ஏழு பேர் கேட்க, நான் அறிவித்தேன். ஏழாவது ஆள் அலாரமேதான். “பேசி முடிச்சிட்டியா? நகரு, தண்ணி புடிக்கணும்” என்றாள்.

அலாரம் என்பது நான் வைத்த பெயர். என்னைவிட ஒரு வருடம் மூத்தவள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து, பதில் வராத மெயில்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ‘சும்மா ஒரு ஞாபகப்படுத்தல்தான்’ என்று ஆரம்பித்து இன்னொரு மெயில் போடுவாள். அதற்கும் பதில் இல்லையென்றால் வியாழக்கிழமை போன். அந்தக் குரலை நான் நன்றாகவே செய்து காட்டுவேன். ‘மேடம், தொந்தரவு பண்றேனோ?’ என்று இழுத்தால், தாழ்வாரத்தின் கடைசி அறைவரை சிரிப்பு கேட்கும். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி ஒன்று அவளுக்குக் கிடைத்தபோதுகூட, “ஆராய்ச்சிக்காக எடுக்கல, போன் அடிக்கிறது நிக்கட்டும்னு எடுத்துக்கிட்டாங்க” என்று சொன்னேன். அவளும் சிரித்தாள். அடுத்த மாதம் சேரப்போகிறவள், சிரிக்கலாம்.

இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. என்னுடைய துறை பகிர்ந்தியங்கும் கணினி அமைப்புகள். பல ஊர்களில் இருக்கும் நூற்றுக்கணக்கான கணினிகள், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே கணினி மாதிரித் தோன்ற வேண்டும். பெரிய குடும்பம் கல்யாண வீட்டில் ஒற்றுமையாக நிற்பது போலத்தான், உள்ளே நடப்பது வேறு. இதில் ஒரு கணினி திடீரென்று பேசாமல் போனால், அது செத்துவிட்டதா, வேலை மும்முரத்தில் இருக்கிறதா, வழியில் கம்பி அறுந்துவிட்டதா என்று மற்றவற்றால் உறுதியாகச் சொல்லவே முடியாது. எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுக் கைகழுவலாம் என்பதுதான் கேள்வி. அதற்கு இருநூற்றுப் பதினான்கு பக்கத்தில் பதில் எழுதிப் பட்டமும் வாங்கிவிட்டேன். காத்திருப்பதில் நான் முனைவர்.

பட்டம் வாங்கிய அன்றே அடுத்த வேலையைத் தேட ஆரம்பித்தேன். அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. தனித்து இயங்குகிறவராகவும் குழுவோடு ஒட்டிக்கொள்கிறவராகவும் ஒரே ஆள் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் பிறந்த ஒரு மென்பொருளில் ஐந்து வருட அனுபவம் வேண்டும். இதையெல்லாம் சலித்து நான்கு இடங்களுக்கு எழுதினேன். ஓரிடத்திலிருந்து ஒன்பது நிமிடத்தில் ‘வருந்துகிறோம்’ வந்தது. பதினான்கு பக்க ஆய்வுத் திட்டத்தை ஒன்பது நிமிடத்தில் படித்து வருந்தவும் செய்த அந்த வேகத்தை நான் இன்றும் மதிக்கிறேன். இன்னோரிடம் இரண்டு வாரம் யோசித்து வருந்தியது. மூன்றாவது இடத்தில் அந்தத் திட்டத்தையே கலைத்துவிட்டார்கள்.

மிச்சம் ஒன்றே ஒன்று, அதுவும் வெளியூரில். மூன்று நகரங்களில் தரவைச் சேமித்துவைத்து, ஒரு நகரமே இருளில் மூழ்கினாலும் ஒரு எழுத்துகூடத் தொலையாத அமைப்பைக் கட்டுகிற குழு. அதை நடத்தும் பேராசிரியையின் கட்டுரைகளைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். வீடியோவில் நாற்பது நிமிடம் பேசினோம். அவர் ஒரு முறை சிரித்தார். என் ஆய்வேட்டின் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு தவறும் கண்டுபிடித்தார். இரண்டுமே நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே ‘நேரம் ஒதுக்கியதற்கு நன்றி’ என்று எழுதினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை அவருடைய பதில் வந்தது:

‘உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி. உங்கள் ஆய்வு எங்களுக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. தொடர்ந்து ஆர்வம் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.’

இதைப் படித்துவிட்டு, ஆய்வாளன் என்ற முறையில் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அதாவது, ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் துறையில் இது பாலபாடம். ஒரு கணினி செய்தி அனுப்பும். அடுத்தது ‘கிடைத்தது’ என்று சொல்லும். அதோடு நிறுத்திவிட வேண்டும். ‘உன் கிடைத்தது எனக்குக் கிடைத்தது’ என்று முதல் கணினி ஆரம்பித்தால், ‘உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைத்தது’ என்று மற்றது சொல்லும், பிறகு இரண்டும் ஆயுசுக்கும் வேறு வேலை பார்க்காது. நான் நன்றி அனுப்பினேன். அவர் ‘கிடைத்தது’ என்றார். கணக்கு நேர். இனி அடுத்த கட்டத்தை அவர்தான் அனுப்ப வேண்டும்.

பதினேழு நாள் ஆயிற்று.

என் ஒப்பந்தம் அடுத்த வாரம் புதன்கிழமை, மாதக் கடைசியில் முடிகிறது. அதற்கப்புறம் ஆய்வகக் கதவு என் அட்டையைப் பார்த்துச் சிவப்பு விளக்கு காட்டும். இந்த இடமும் இல்லையென்றால் அடுத்த சுற்று அறிவிப்புகள் வர ஒரு வருடம் ஆகும். எங்கள் துறையில் ஒரு வருட இடைவெளி என்பது பேசாமல் போன கணினிதான். மற்றவர்கள் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். கோபமெல்லாம் இருக்காது. அதுதான் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, என் ஆய்வேட்டுக்காக நானே எழுதிய நிரலைப் பேராசிரியை பக்கம் திருப்பினேன். ஒரு கணினி வழக்கமாக எவ்வளவு நேரத்தில் பதில் சொல்லும் என்று பார்த்து, மௌனம் நீள நீள ஒரு சந்தேக எண்ணை அது ஏற்றிக்கொண்டே போகும். எட்டைத் தாண்டினால் செத்ததாகக் கொள்ளலாம் என்பது ஆறாம் அத்தியாயம். பேராசிரியை எனக்கு அதுவரை எழுதிய மூன்று மெயில்களைக் கொடுத்தேன். திரையில் முப்பத்தொன்று என்று வந்தது. என் கணக்குப்படி அவர் போன செவ்வாய்க்கிழமையே காலமாகிவிட்டார்.

ஆனால் அன்று காலை ஏழு பன்னிரண்டுக்கு அவர் யாரோ ஒரு மாணவரின் நிரலில் ‘இந்த வரி எதற்கு?’ என்று கேட்டிருந்ததை, அந்தக் குழுவின் பொதுப் பக்கத்தில் பார்த்தேன். ஒன்று, அவர் உயிரோடு இருந்துகொண்டே எனக்கு எழுதவில்லை. இல்லையென்றால் என் ஆய்வேடு தப்பு. ஆய்வேடு பைண்டிங் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து நான் வேறு வேலை பார்க்கவில்லை. மெயில் பெட்டியைப் பத்து விநாடிக்கு ஒரு முறை பார்க்கும்படி வைத்தேன். பிறகு அந்த நிரல் ஒழுங்காகப் பார்க்கிறதா என்று நானும் பார்த்தேன். அந்தக் குழுவின் புகைப்படத்தைப் பெரிதாக்கி, மேசைகளையும் ஆட்களையும் எண்ணினேன். பதினோரு மேசை, பத்து ஆள். அந்தப் பதினோராவது நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள். அந்தப் பை யாருடையது என்று அரை நாள் யோசித்தேன்.

நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பினால், அச்சு வார்த்து, நிறம் பார்த்து, யார் வாயிலும் வித்தியாசம் தெரியாத மாதிரிச் செய்து கொடுப்பாள். மாமா நகரப் பேருந்து ஓட்டுகிறார். இப்போதிருக்கும் வீட்டைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். இரண்டு தெரு தள்ளி ஒரு புதுக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடும் நான்காம் மாடியில் மூன்று அறை வீடும் காலி. எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் தரகரிடம் சொல்ல வேண்டும். தரகர் அக்காவை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். “தம்பி, நீங்க இருக்கீங்களா, போறீங்களா?” என்பார். முன்பின் தெரியாதவர் காலையில் போன் பண்ணிக் கேட்கிற கேள்வியா அது?

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் அக்கா விளக்கைத் தாழ இழுத்து, யாருடைய கீழ்வரிசையையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

“அவங்க ஏதாவது சொன்னாங்களா?”

“சொல்லுவாங்கக்கா.”

“நீ கேட்டியா?”

“கேக்கக் கூடாது.”

“ஏன், கேட்டா பல்லு கொட்டிடுமா? கொட்டினாலும் நான் செஞ்சு தரேன்.”

மாமா சோற்றிலிருந்து நிமிராமல், “பஸ் பத்து நிமிஷம் லேட்டானா டிப்போவுக்கு முப்பது போன் வருது. யாரும் கௌரவம் பாக்கறதில்ல” என்றார்.

“மாமா, அது பஸ்.”

“ஆமாப்பா. அது எப்படியும் வந்துடும். உன்னோடது அதுகூட நிச்சயமில்ல.”

நான் எழுந்து கை கழுவப் போனேன். அக்கா பின்னாலேயே வந்து, குழாயடியில் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

“டேய். மூணு ரூமுன்னு அந்த ஆள்கிட்டச் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. நீ எத்தன வருஷம் வேணும்னாலும் இரு. ஆனா அப்படிச் சொல்லிட்டா, உனக்குக் கிடைக்கலன்னு நானே வாயால சொன்ன மாதிரி இருக்குடா. ரெண்டுன்னு சொல்லிட்டு, நீ போகலன்னா, உன்னத் தொரத்திவிட்ட மாதிரி ஆயிடும். நீயே கேட்டு ஒரு வழி சொல்லு.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடும்க்கா” என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு என்மேல் இன்னும் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை என்னை விடியும்வரை புரள வைத்தது.

வியாழக்கிழமை மதியம் அந்தப் பணிக்கான அறிவிப்புப் பக்கத்தை நாற்பதாவது முறையாகத் திறந்தேன். ‘இந்த அறிவிப்பு நீக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. மறுபடி திறந்தேன். இன்னொரு உலாவியில் திறந்தேன். போனில் திறந்தேன். எங்கள் துறைக்காரனுக்கு மூன்று சாட்சி வேண்டும். மூன்றும் ஒன்றையே சொல்லின.

“மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்று அலாரம் கேட்டாள். எதிர் மேசையைக் காலி செய்து, கம்பிகளைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்பவும் இப்படித்தான் இருக்கும்.”

“இல்ல, எப்பவும் இளிச்சிட்டு இருக்கும். என்ன ஆச்சு?”

சொன்னேன். வேறு வழியில்லை, அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். கடைசியாக வந்த மெயிலைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். மூன்று வாக்கியம். அவள் கம்பிச் சுருளைக் கையில் பிடித்தபடியே இரண்டு முறை படித்தாள்.

“இதுக்கு நீ என்ன பதில் போட்ட?”

“பதில் எதுக்கு? இது என் நன்றிக்கு வந்த ‘கிடைத்தது’.”

அவள் கம்பிச் சுருளைப் பெட்டியில் போட்டாள்.

“‘ஆர்வம் இருந்தால்’னு எழுதியிருக்காங்க.”

“அது மரியாதைக்கு.”

“ஏன்டா, ஆர்வம் இருக்கா இல்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஜோசியம் பாப்பாங்களா? நீ சொல்லுவேன்னு உக்காந்திருக்காங்க. இருபது நாளா.”

இரண்டு கணினிகள், மற்றது பேசட்டும் என்று ஒன்றுக்கொன்று காத்து, இரண்டுமே நின்றுபோவதற்கு எங்கள் துறையில் தனிப் பெயர் உண்டு. அதைத் தவிர்ப்பது எப்படி என்று என் நான்காம் அத்தியாயத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். படத்துக்கு வண்ணமும் கொடுத்திருக்கிறேன்.

“உன் ஆய்வேட்டுல மெஷின் எல்லாம் செகண்டுக்கு ஒரு தடவ ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’னு அனுப்பிக்கிட்டே இருக்குமே, அது என்ன?” என்றாள் அலாரம்.

“அது துடிப்பு.”

“அது ஞாபகப்படுத்தல்டா. செகண்டுக்கு ஒண்ணு. நானாவது வாரத்துக்கு ஒண்ணுதான் போடறேன்.”

அவள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சிரிக்காமல், “ஒக்காந்து எழுது முதல்ல” என்றாள்.

எழுதினேன். பதினோரு வரைவு. முதல் வரைவில் என் மௌனத்துக்குக் கோட்பாட்டு விளக்கம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. பதினோராவதில் ‘எனக்கு மிகுந்த ஆர்வம் இருக்கிறது, தாமதத்துக்கு மன்னிக்கவும்’ என்பது மட்டும் மிஞ்சியது. மூன்றரை மணிக்கு அனுப்பினேன். ஒரு விநாடியில் பதில் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். ‘திட்டக் கூட்டத்தில் இருக்கிறேன். வெள்ளி பிற்பகல்வரை மெயில் பார்க்க இயலாது. இது தானியங்கிப் பதில்.’

“போன் பண்ணு” என்றாள் அலாரம். “அவங்களுக்கு இல்ல. ஆபீஸுக்கு. அங்க ஒரு அம்மா இருப்பாங்க. எல்லா ஆபீஸ்லயும் இருப்பாங்க. அவங்ககிட்ட மரியாதையாப் பேசு, வேலை நடக்கும்.”

“அது மட்டும் முடியாது” என்றேன்.

“சரி, ராசா. இருந்து உன் கௌரவத்தக் காவல் காத்துக்க” என்று சொல்லி, பெட்டிக்கு டேப் ஒட்டி, கையெழுத்து வாங்கப் போய்விட்டாள். போவதற்கு முன், கிழித்த டேப்பில் ஒரு துண்டை என் மேசையில் ஒட்டிவிட்டுப் போனாள். அதில் அந்த அலுவலகத்தின் எண் இருந்தது. அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவளிடம் உலகத்து எண்கள் எல்லாம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை தரகர் ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். “சாயங்காலம் சொல்றேன்” என்றேன். “அஞ்சுக்கு மேல நான் பொறுப்பில்ல தம்பி, நாலாவது மாடிக்கு வேற பார்ட்டி நிக்குது” என்றார். அக்கா கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

பத்தேகால் மணிக்கு, பழைய சர்வர் பெட்டிகளை அடுக்கிவைத்திருக்கும் படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போனேன். அங்கே யாரும் வரமாட்டார்கள். கதவை மூடினேன். மூடியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தேன். பிறகு எண்ணை அழுத்தினேன்.

ஒரு பெண் குரல் எடுத்தது. நான் வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை.

“மேடம், தொந்தரவு பண்றேனோ?”

“சொல்லுங்க.”

“இல்ல, சும்மா ஒரு ஞாபகப்படுத்தல்தான்...” என்று ஆரம்பித்து, யார், எதற்கு, எந்தப் பணி என்று சொன்னேன். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

“ஓ, நீங்களா? லிஸ்ட்ல மொத பேரு உங்களோடதுதான். பக்கத்துல ‘பதில் இல்லை’ன்னு பேராசிரியர் எழுதி வெச்சிருக்காங்க. இன்னிக்குப் பன்னெண்டு மணிக் கூட்டத்துல அடுத்த ஆளுக்குக் கொடுக்கறதா இருந்தது.”

“பதில் இருக்குங்க” என்றேன். “நேத்து மெயில் போட்டிருக்கேன். மெயில் பாக்கலன்னாலும் பரவாயில்ல. இருக்குன்னு மட்டும் சொல்லிடறீங்களா? கூட்டத்துக்கு முன்னாடி?”

“டீ குடிக்க வெளிய வரும்போது சொல்றேன்.”

“எத்தன மணிக்கு வருவாங்க?”

“பதினொண்ணு.”

நன்றி சொல்லி வைத்தேன். சர்வர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். தூசி. சொல்வதாகச் சொன்னார். சொல்வாரா என்று எப்படித் தெரியும்? செய்தி போய்ச் சேர்ந்ததா, வழியில் விழுந்ததா? டீ குடிக்க வராமலே இருந்துவிட்டால்? பதினொன்று ஐந்தானது. பதினொன்று பத்து.

பதினொன்று பன்னிரண்டுக்கு அழைத்தேன்.

“மறுபடியும் நான்தாங்க. சொல்லிட்டீங்களான்னு...”

“சொல்லிட்டேன் தம்பி.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. போன்ல இருந்தாங்க. தலையாட்டினாங்க.”

“எந்தப் பக்கங்க?”

“என்னது?”

“இல்ல, மேலயும் கீழயுமா, இந்தப் பக்கம் அந்தப் பக்கமான்னு...”

மறுமுனை கொஞ்சம் பேசாமல் இருந்தது. அந்த அம்மா சிரிப்பை அடக்குகிறாரா, போனை வைக்கலாமா என்று யோசிக்கிறாரா என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“அதெல்லாம் நான் கவனிக்கல. கூட்டம் பன்னெண்டரைக்கு முடியும். அப்புறம் கூப்பிடுங்க.”

கதவுக்கு வெளியே யாரோ நடந்துபோனார்கள். மூச்சை அடக்கிக்கொண்டேன். காலடி தேய்ந்ததும், போனில் அந்த எண்ணை ‘ஆபீஸ் அம்மா’ என்று சேமித்தேன்.

பன்னிரண்டு இருபத்தொன்பதுக்குக் கூப்பிட்டேன்.